எருமையின் காதில் ஏறிய பென்சில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மஜீத் பாய் பெருநாள் சட்டை போட்டிருந்தார்.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிற வெள்ளைச் சட்டை. மடிப்பு கலையவில்லை. லேசாக அத்தர் வாசனை அடித்தது. தாடியைக்கூட ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். உடம்பு பாதியாகிப் போயிருந்தது. சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்ததால், அதற்குள் யாரோ சின்னப் பையன் ஒளிந்துகொண்டிருப்பது போலத் தெரிந்தது.

கோட்டைமேட்டில் அவர் வீட்டு முன்னறையில் டிவிக்கு எதிரே நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் இருவர். முன்வரிசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"வாங்க மொதலாளி. உங்களுக்கோசரம் டிவியே காத்துக்கிட்டு இருக்குது," என்றார்.

உட்கார்ந்தேன். தட்டில் தேங்காய் பன் வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு உயிரான பன். ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

டிவியில் வரப்போவது என் மகள் கோகிலா எடுத்த கார்ட்டூன் தொடரின் முதல் பகுதி. சாம்பிளாக அவள் எடுத்த படத்தில் ஓர் எருமையும் ஒரு மரங்கொத்தியும் இருந்தன. எருமை நான். மரங்கொத்தி மஜீத் பாய். டிவிக்கு வரும்போது மரங்கொத்தி இல்லை. எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவன் நான்.

அதை அவரிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் அவகாசம் இருந்தது. வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்வந்தவன்தான். சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. மஜீத் பாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

சாம்பிள் என்றால் எனக்குத் தெரியும்

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குக் கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கிற என் ஃபவுண்டரிக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர்கள் பெயரை முடிக்கவிடாமல் வண்டியைத் திருப்புவார்கள். நான் வார்த்த பம்ப்பு இறங்காத கிணறு இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. தற்பெருமை என்று நினைப்பவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவனின் மகள், இன்ஜினீயரிங் முடித்த கையோடு, கார்ட்டூன் வரையப் போகிறேன் என்றாள். ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவள் ஆபீஸ். எட்டுப் பேர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே எருமையை ஒரு வாரமாக நடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எருமை ஒரு மரத்தைத் தாண்டவே நாலு நாள் ஆயிற்று. இந்த வேகத்தில் எங்கள் ஃபவுண்டரி ஓடினால் ஊரே தண்ணீரில்லாமல் செத்துப்போகும் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் ஒரே ஒரு பகுதியை எடுத்து சேனலுக்குக் காட்ட வேண்டும், அதற்குப் பைலட் என்று பெயர் என்றாள் கோகிலா. எனக்கு உடனே பிடிபட்டது. நாங்களும் முதலில் ஒன்றே ஒன்றை வார்த்துப் பார்ட்டிக்கு அனுப்புவோம். சரி என்றால்தான் ஆயிரம் வார்ப்போம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. எங்கள் தொழிலில் சாம்பிள் எப்படியோ அப்படியேதான் ஆயிரமும் வர வேண்டும். ஒரு நூல் மாறினால் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் தொழிலில் சாம்பிளைப் பார்த்துப் பிரமாதம் என்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வார்கள்.

மெத்தை அறையில் இரண்டு கிழவர்கள்

பைலட்டின் பெயர் 'மாரப்பனும் டொக்கும்'. காட்டில் குட்டை வற்றிவிடுகிறது. மாரப்பன் என்ற எருமை, நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் பார் என்று எல்லா மிருகத்திடமும் மார்தட்டிவிட்டு வருகிறது. எப்படிக் கொண்டுவருவது என்று அதற்குத் தெரியாது. டொக்கு என்ற மரங்கொத்தி ஒன்றும் பேசாமல் மரத்தைக் கொத்திக் கொத்தி ஒரு பம்ப்பு செய்துவிடுகிறது.

டொக்கின் காதோரம் ஒரு சிவப்புப் பென்சில். பறவைக்குக் காது ஏது என்று கேட்டேன். "ஃபவுண்டரில மஜீத் மாமாவைக் காதுல பென்சில் இல்லாம நான் பாத்ததே இல்லீங்கப்பா," என்றாள் கோகிலா. பள்ளிக்கூடம் விட்டதும் ஃபவுண்டரியில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். எங்களை எவ்வளவு தூரம் கவனித்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குரல் கொடுக்க ஆள் பிடிக்க அப்போது வசதிப்படவில்லை. எங்கள் இருவரையுமே பேசச் சொன்னாள். ஓர் அறையின் நாலு சுவரிலும் மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சத்தம் பதிவாகும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். தேங்காய் நார் வாசனை, வியர்வை, கீழேயிருந்து வரும் பேக்கரி வாசனை.

நான் பேசியதும் கம்ப்யூட்டரில் ஏதோ சிவப்பாக எரிந்தது.

"அப்பா, மைக்கு செவுடில்லீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"இந்நேரம் ஆயிருக்கும் அம்மணி," என்றார் மஜீத் பாய்.

அவருக்கு ஆறேழு வரிதான். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, போதுமா, நல்லா வந்துச்சா என்று கேட்டுக்கொண்டார். ஒரு வரி மட்டும் அவள் எழுதியதில் இல்லை. பம்ப்பை ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்கிறாய் என்று எருமை கேட்டதும், தாளைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்: "சூடு ஆறுனாச் சுருங்குமுங்க. கொஞ்சம் பெருசாவே வெச்சுக்குவோம்."

மரத்தில் செய்கிற பம்ப்பு எங்கே சுருங்கப்போகிறது? ஆனாலும் கோகிலா அதை அப்படியே வைத்துக்கொண்டாள். பம்ப்பையே இரும்பாக மாற்றிவிட்டாள்.

அந்த ஆயுத பூஜைக்கு எங்கள் ஃபவுண்டரியில் ஒரு வேட்டியைக் கட்டி அதில் பைலட்டைப் போட்டுக் காட்டினோம். பொரியும் சுண்டலுமாக உட்கார்ந்திருந்த ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மரங்கொத்தி பென்சிலை எடுத்துக் கோடு போட்டபோது மஜீத் பாயின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. அவர் வேலையை விட்டு அப்போதே பல வருடம். காதில் பென்சில் இல்லை. கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

அன்று முதல் பார்க்கிற ஆளிடமெல்லாம், டிவியில் வரப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் அடித்த ஒரே பெருமை அதுதான்.

ஒவ்வொன்றாக

சேனலுக்குப் பைலட் பிடித்துவிட்டது. பிடித்ததால் போன் வர ஆரம்பித்தது.

கறுப்பு எருமை திரையில் எடுபடாது என்றார்கள். எருமை ஊதா நிறமானது. சேற்றில் புரளக் கூடாது, தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார்கள். ஷவரில் குளித்தது. மாரப்பன் என்ற பெயர் மற்ற பாஷைக்காரர்கள் வாயில் நுழையாது என்று மேக்ஸ் ஆயிற்று. கதையில் வரும் திருடனிடம்கூட எருமை நம்மூர் மாதிரி 'ங்க' போட்டுப் பேசுகிறதே என்று ங்கவை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். என் குரலை எடுத்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவரைப் பேச வைத்தார்கள். பதினோரு நிமிடப் படம் ஏழு நிமிடமானது.

எனக்கு வருத்தம்தான். ஆனாலும் எருமை எருமையாகவே இருந்தது. தொந்தி என் தொந்தி. அந்த நடையும் என்னுடையதுதான்.

பிறகு ஒரு மத்தியானம் கோகிலா ஃபவுண்டரிக்கே வந்தாள். இரும்பு உருகிக்கொண்டிருந்த நேரம். வாசலிலேயே நின்றாள்.

"சேனல்ல ரெண்டு பேரு வேண்டாங்கறாங்கப்பா. ஒருத்தரு போதுமாம். யாருன்னு நம்மளையே முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க."

நான் உலைப் பக்கம் திரும்பினேன்.

"யாரையும் எடுக்க வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு பேரும் இருக்கோணும்னு சண்டை போடறேன். தொடரே போனாலும் போகுதுங்க."

"எருமை இருந்தாத்தான் கண்ணு கொழந்தைங்க சிரிக்கும். அந்தக் கொத்தி என்ன பேசுது? டொக்கு டொக்குங்குது. அது செய்யறதை எல்லாம் எருமையே செஞ்சுபோடட்டும்."

"பென்சிலு?"

"அதையும் எருமைக்கே குடுத்துரு."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்கப்பா" என்று போய்விட்டாள்.

மகளின் தொடரைக் காப்பாற்றினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாய் தவறி வந்த வார்த்தை என்றும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டும் நிற்கவில்லை. இன்னொருவர் செய்ததையெல்லாம் என் கணக்கில் எழுதிக்கொள்வது எனக்குப் புதிது அல்ல. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

சத்தியமங்கலத்துச் சாக்குமூட்டை

இந்தத் தொடரின் மூன்றாவது வாரத்தில் என் முதல் பம்ப்பைப் பற்றி எழுதியிருந்தேன். நிறையப் பேர் கடிதம் போட்டார்கள். ஒரு கல்லூரி வாத்தியார், மாணவர்களுக்குப் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார்.

அதில் இருந்தது இதுதான். சத்தியமங்கலத்து விவசாயி ஒருவர், பம்ப்பின் உடைந்த ஓடு ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். ஓடு என்றால் நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும் இரும்பு. அது இல்லாவிட்டால் பவானித் தண்ணீர் வயலுக்கு ஏறாது. பயிர் காய்கிறது. பெரிய கம்பெனிக்காரர்கள் ஆறு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். தகரக் கொட்டகையில் பட்டறை போட்டு ஒரு மாதம்கூட ஆகாத நான், எட்டு நாளில் தருகிறேன் என்றேன். மரத்தில் அச்சு செதுக்கினேன், மண்ணில் பதித்தேன், இரும்பை ஊற்றினேன், கொடுத்தேன். இப்படி எழுதியிருந்தேன்.

எட்டு நாள் என்று சொன்னது நான்தான். அதுவரைக்கும் நிஜம்.

அச்சை முதலில் நானும் செதுக்கினேன், அதுவும் நிஜம். உடைந்த ஓட்டை அடிக்கோலால் அளந்து, அதே அளவுக்கு மரத்தைச் செதுக்கி வார்த்தேன். பார்க்க அழகாக வந்தது. உள்ளே சுற்றுகிற சக்கரத்தை வைத்துப் பார்த்தால் நுழையவில்லை. மூன்று நாள் உழைப்பு வீண்.

மஜீத் பாயும் நானும் அதற்கு முன் வேறொருவர் ஃபவுண்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒருநாள் நானும் முதலாளி ஆவேன் என்று அங்கே நான் அடித்த ஜம்பத்தைக் கேட்டுத்தான், கிண்டலாக என்னை மொதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் நிஜமாகவே முதலாளி ஆன பிறகும் அந்தக் கிண்டல் குரலை அவர் மாற்றவில்லை.

நான் பட்டறை போட்டபோது அவரும் என்னோடு வந்துவிட்டார். மரத்தச்சர் குடும்பம். அவரிடம் ஓர் அடிக்கோல் இருந்தது. அதன் ஓர் அடி, ஊரில் உள்ள மற்ற அடியைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளம். இரும்பு உருகும்போது பெருத்து, ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும். அது எனக்குத் தெரியாது. நான் வார்த்து வீணாக்கியதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சூடு ஆறுனாச் சுருங்குமுங்க மொதலாளி. கொஞ்சம் பெருசாவே வெச்சுக்குவோம்."

நாலு நாள். தேக்குக் கட்டையில் அந்த நத்தையைச் சுருட்டி எடுத்தார். எட்டாம் நாள் சத்தியமங்கலத்துக்காரர் புது ஓட்டினை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மஜீத் பாய் என்னைக் கைகாட்டினார். கடை உங்களுது, பேரு உங்களுதா இருந்தாத்தானே ஆளு வரும் என்று பிறகு சொன்னார். அன்றைக்கு அவர் கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு நாற்பது வருடமாகத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கல்யாண வீட்டில், சங்கக் கூட்டத்தில், பத்திரிகைக்காரர்களிடம் என்று சொல்லிச் சொல்லி, அந்த அச்சைச் செதுக்கிய வலி என் விரலிலேயே இருப்பது போல ஆகிவிட்டது. மூன்றாம் வாரம் எழுதும்போது நான் பொய் எழுதுவதாகவே எனக்குத் தோன்றவில்லை.

டிவிக்கு முன்னால்

பாட்டு முடிந்தது. ஊதா எருமை ஷவரிலிருந்து வெளியே வந்தது. காதில் சிவப்புப் பென்சில்.

நான் டிவியைப் பார்க்கவில்லை. மஜீத் பாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இந்தத் தடவை காதுக்குப் போகவில்லை. முழங்காலின் மேல் அப்படியே இருந்தது.

எருமை பென்சிலால் கோடு போட்டது, பம்ப்பு செய்தது. "சூடு ஆறினா சுருங்கிடும்! கொஞ்சம் பெருசாவே வெச்சுக்கலாம்!" என்று சென்னைக்காரர் குரலில் கத்திவிட்டுக் கண்ணடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லாரையும்விட மஜீத் பாய் அதிகமாகச் சிரித்தார். சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி நஸ்ரின், ஏழெட்டு வயதிருக்கும், டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்னா, உங்க மரங்கொத்தி எப்ப வரும்?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. நாக்கு எழவில்லை. நாலு பேர் கூடின இடத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவன் நான்.

"அது எருமைக்கு உள்ளாற இருக்குது கண்ணு," என்றார் அவர். "மண்ணுல அச்சைப் பதிச்சா, அதை வெளிய எடுத்துட்டுத்தான் இரும்பை ஊத்தோணும். அச்சும் இருக்கோணும், இரும்பும் வரோணும்னா எப்படி?"

அவளுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினாள்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "பென்சிலு உங்களுக்கு நல்லா இருக்குதுங்க மொதலாளி," என்றார். அதே பழைய கிண்டல் குரல்.

நான் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

மூன்று கைப்பிடி

ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார்.

அடக்கம் செய்யும்போது எல்லாரும் மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். வாழ்நாள் முழுக்க மண்ணில் அச்சுப் பதித்தவன். ஈரம் பார்க்க என் விரல் தானாக அந்த மண்ணை அழுத்தியது. நல்ல மண். அந்த நேரத்தில் அது தோன்றியதற்காக இன்னும் கூசுகிறது.

திரும்பும்போது கோகிலாதான் காரை ஓட்டினாள். சிக்னலில் நிற்கும்போது, மரங்கொத்தியை இனிமேலாவது திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். மேக்ஸுக்குப் பக்கத்தில் இனி யாரையும் விடமாட்டார்கள் என்றாள். கடைசி வரைக்கும் அவரிடம் நான் சொல்லவே இல்லை கண்ணு என்றேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் சொல்லிட்டேனுங்கப்பா. டிவில வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே போயி, மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்னுமா சொன்னே?"

"அதையுந்தான். 'அவரு எருமையத்தான் வெச்சுக்கச் சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா அம்மணி'ன்னு சிரிச்சாரு."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்திருந்தது. அவள் காரை எடுக்கவில்லை.

"அப்புறம் சொன்னாரு, 'ஒங்கப்பாவை என்ற ஊட்டுக்கே வரச் சொல்லு. நாலு பேரு சுத்தி உக்காந்து பாத்தாத்தான் மொதலாளிக்குச் சந்தோஷமா இருக்கும். நான் எல்லாத்தையும் கூப்பிட்டு வெக்கறேன்'னாரு."

அந்த நாற்காலிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தேங்காய் பன், பெருநாள் சட்டை. அவர் டிவியில் தன்னைப் பார்க்க அல்ல. என்னைப் பார்க்க.

கோகிலா காரை எடுத்தாள்.

புத்தகத்துக்கு

இந்தத் தொடர் முடிந்ததும் புத்தகமாக வரப்போகிறது. என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற அம்மணி போன வாரம் போன் செய்தார். அதுவரைக்கும் எழுதியிருந்த இந்த அத்தியாயத்தைப் படித்தாராம். மூன்றாம் வாரத்தில் எழுதியதும் இதுவும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது, புத்தகத்தில் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும், மூன்றாம் வாரம்தான் எல்லாருக்கும் பிடித்தது, இதை எடுத்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஒரே வார்த்தை. கோகிலா அன்றைக்கு ஃபவுண்டரி வாசலில் கேட்டதும் இந்த ஒன்றைத்தான். சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது.

மூன்றாம் வாரத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்கிற வழக்கம் உள்ளவர்கள், அந்தப் பக்கத்தில் 'நான் செதுக்கினேன்' என்று இருக்கும் இடத்தை அடித்துவிட்டு, மஜீத் பாய் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பென்சிலால் எழுதினால் போதும்.

அவர் ஒன்றும் அவ்வளவு பெரிய மனிதர் இல்லை என்று அவர் வீட்டாரே சொல்லக்கூடும். கோபக்காரர், கஞ்சன், சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்த வாரம் அவரைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருக்கிறேன். படித்து, மடித்து வைத்து, நாளாகி, சூடு ஆறும்போது எப்படியும் சுருங்கும்.

அப்போது அவர் அளவுக்குச் சரியாக இருக்கும்.